மணல் நிறப் பூச்சும் மண்ணாய்ப் போன பேரலும்

டாலஸில் இருக்கும் தம்பி ஒருத்தரிடமிருந்து போன வாரம் தனிமடல் வந்தது. "அண்ணே, ஆசைப்பட்டு ஒரு ரைஃபிள் செய்யக் கொடுத்திருக்கேன். ஆக்‌ஷன் வந்தாச்சு, பேரலும் வந்தாச்சு. மேல பூச்சு கொடுக்கணுமாம். கடைக்காரர் கலர் அட்டை அனுப்பியிருக்கார். மணல் கலரா, கரும்பச்சையா, எது நல்லா இருக்கும்?"

கவனிங்க மக்களே. துரு பிடிக்காம இருக்க என்ன செய்யலாம்னு தம்பி கேக்கலை. எது நல்லா இருக்கும்னு கேக்கறார். அவரைச் சொல்லிக் குத்தமில்லை. அட்டையைக் கையில கொடுத்தா நாம கலரைத்தான் பாப்போம், புடவைக் கடையில உக்காந்த மாதிரி. பதில் எழுத ஆரம்பிச்சு அது நீண்டுக்கிட்டே போனதால இங்கே பதிவாகவே போடறேன். சூடான பதிவு. கடை வச்சிருக்கிறவங்க கோவிச்சுக்காதீங்க. கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்லை.

முதல்லயே ஒரு டிஸ்கி. அமெரிக்காவுல துப்பாக்கி வச்சிருக்கலாமா கூடாதா என்கிற கும்மிக்கு இது இடமில்லை. அதுக்குத் தனியா அடிச்சுக்கலாம். நான் பச்சை அட்டை வந்த பிறகு முறையா வாங்கி, ஞாயித்துக்கிழமை காகிதத்தைச் சுடற ஆளு. காகிதம் தவிர வேற எதையும் இதுவரைக்கும் சுட்டதில்லை (தோசையைச் சேர்க்காம).

விஷயம் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. பேரல்னா குழல். உள்ளே திருகு திருகா வரி வெட்டியிருக்கும், தோட்டா சுழன்றுகிட்டே போறது அதனாலதான். குழலோட பின்பக்க முனையில தோட்டா உக்கார்ற குழிக்குப் பேரு சேம்பர். ஆக்‌ஷன்கிறது குழலுக்குப் பின்னாடி இருக்கிற உருளைப் பெட்டி. அதுக்குள்ளே தாழ்ப்பாள் மாதிரி ஒரு போல்ட் முன்னும் பின்னும் போகும், தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும். பொருட்காட்சியில பலூன் சுடற துப்பாக்கியை மடக்கி ரவை போடுவோமே, அதுக்கு இங்கே இந்தத் தாழ்ப்பாள். சொல்லிச் செய்யற ரைஃபிள்னா ஆக்‌ஷன் ஒருத்தர்கிட்ட, பேரல் இன்னொருத்தர்கிட்ட வாங்கி, லேத் வச்சிருக்கிற ஒரு கன்ஸ்மித் ரெண்டையும் மரையில முடுக்கிச் சேர்த்துக் கொடுப்பார். ஆக்‌ஷன் மட்டுமே ஆயிரம் டாலருக்கு மேல. ஆக, பூச்சுன்னு வரும்போது கை ஏற்கெனவே நடுங்கிக்கிட்டுத்தான் இருக்கும். அந்த நேரத்துல ஒருத்தர் வந்து "இதைப் பூசிட்டா அப்புறம் கவலையே இல்லை சார்" அப்படின்னா காலில விழாத குறையா சம்மதிச்சுடுவோம்.

நானும் அப்படித்தான் சம்மதிச்சேன். கதையைச் சொல்லிடறேன்.

2018ல என்னோட முதல் ரைஃபிள். 6.5 கிரீட்மூர். ஹூஸ்டன் பக்கம் இருக்கேன், வளைகுடாக் கடல் பக்கத்துலயே. மே மாசம் காலையில கதவைத் திறந்தா மூக்குக்கண்ணாடி வேர்க்கிற ஊரு. கடைக்காரர் (பேர் வேண்டாம்) ஆலோசனை சொன்னார்: "மேல செராமிக் பூச்சு அடிக்கப் போறோம், எதுக்கு ஸ்டெயின்லெஸ் பேரலுக்குக் காசு? சாதா குரோம்-மாலி இரும்பே போதும். பூசிட்டா பராமரிப்பே கிடையாது." மணல் கலர் எடுத்தேன். வந்து பார்த்தா, அடடா. சினிமாவுல வர்ற மாதிரி இருந்தது. தங்கமணி கூட "பரவாயில்லையே" என்றார். எங்க வீட்டில் அது பாரத ரத்னாவுக்குச் சமம்.

2020 பிப்ரவரி. தூத்துக்குடியில் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். கிளம்பறதுக்கு முந்தின ஞாயிறு சுடப் போயிருந்தேன், தூறல். வெளிப்பக்கத்தைத் துண்டால துடைச்சு, ஸ்பாஞ்ச் வச்ச பெட்டியில படுக்க வச்சு மூடிட்டுப் போயிட்டேன். பூச்சுதான் இருக்கே! மூணு வாரத்துல வந்துடப்போறோம் என்கிற நினைப்பு. மார்ச் 22ஆம் தேதி வெளிநாட்டு விமானமெல்லாம் நின்னது. நான் ஹூஸ்டன் திரும்பினது ஆகஸ்ட் மாசம்.

பெட்டியைத் திறந்தேன். சத்தியமாச் சொல்றேன், மேலே ஒரு புள்ளி துரு இல்லை. அப்படியே மணல் கலர், அப்படியே புதுசு. கடைக்காரரை மனசுக்குள்ள கும்பிட்டேன். அப்புறம் போல்ட்டைத் தூக்கினேன். வரலை. அழுத்தித் தூக்கினதும் கரகரன்னு ஒரு சத்தம். மணல் கலரிலேயே மணல் அள்ளிப் போட்ட மாதிரி. டார்ச் அடிச்சுப் பார்த்தா போல்ட் பூட்டுற இடம் செம்பழுப்பு. சேம்பர் முழுக்கத் துரு. துணி விட்டுத் தள்ளினா குழல் வழியா காபிப் பொடி மாதிரி கொட்டுது. கட்டையைக் கழட்டினேன். திருகு ஓட்டையிலெல்லாம் துரு. வேற ஒரு கன்ஸ்மித்கிட்ட எடுத்துட்டுப் போய் பேரலை ஆக்‌ஷனிலேர்ந்து கழட்டச் சொன்னேன். மரை முழுக்கத் துரு. கேமரா விட்டுக் காட்டினார், குழலுக்குள்ளே அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியா. சேம்பர் மட்டும் போயிருந்தா பின்னாடி ஒரு அங்குலம் வெட்டிட்டு புதுசா சேம்பர் கடைஞ்சிருக்கலாம். குழலே போனதுக்கு வைத்தியம் இல்லை. மொத்தம் எழுநூறு தோட்டாகூடப் போகாத பேரல்.

பூசின கடைக்காரருக்குப் போன் பண்ணினேன். அவர் சொன்னது இன்னும் காதுல இருக்கு. "பூச்சு எங்கேயாவது உரிஞ்சிருக்கா சார்?" இல்லைன்னேன். "வாரண்டி பூச்சுக்குத்தான் சார்."

அவர் சொன்னதுல ஒரு எழுத்து பொய் இல்லை. அதுதான் கொடுமை.

ஈரத்தோட ஸ்பாஞ்சுல வச்சது என் தப்பு, ஒத்துக்கறேன். ஸ்பாஞ்ச் ஈரத்தைக் குடிச்சுட்டு இரும்போட ஒட்டிக்கிட்டுக் கிடக்கும். துருவுக்கு அதைவிடச் சொகுசான மெத்தை கிடையாது. ஆனா அன்னைக்கு என்னை அப்படி வைக்கச் சொன்னது எது? 'பராமரிப்பே கிடையாது' என்கிற அந்த ரெண்டு வார்த்தை. பூச்சு இல்லாத ரைஃபிளா இருந்திருந்தா, உப்பளத்துக்காரன் மகன் நான், எண்ணெய் போடாம ஊருக்குப் போயிருக்கவே மாட்டேன். எங்க ஊருல சைக்கிள் ரிம்முக்கே வாரம் ஒருதரம் தேங்காய் எண்ணெய் தடவின கை இது.

இந்த மாதிரிப் பூச்சுகளில் இங்கே பிரபலமானது செராகோட். பீங்கான் துகளும் பாலிமரும் கலந்தது. நல்ல பொருள்தான், ஒழுங்கா அடிச்சா அற்புதமா ஒட்டும். முதல்ல எண்ணெய்ப் பசை போகக் கழுவணும், அலுமினியம் ஆக்ஸைடு துகளைக் காத்துல பீய்ச்சி மேல்பரப்பைச் சொரசொரப்பாக்கணும், அப்புறம் அடிக்கணும், அடுப்புல சுமார் 120 டிகிரி செல்சியஸ்ல ரெண்டு மணி நேரம் வேகவைக்கணும். படலத்தோட தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்குக்குப் பக்கம். இந்தத் தடிமன்தான் பிரச்னையோட ஆணிவேர். வெளியே அது ஒண்ணுமே இல்லை. ஆனா சேம்பருக்குள்ளே அவ்வளவு தடிமன் ஏறினா தோட்டா உக்காராது. மரையில ஏறினா பேரல் சரியா முடுங்காது. போல்ட் பூட்டுற முகத்துல ஏறினா தேய்ஞ்சு தேய்ஞ்சு அளவு மாறும். குழலுக்குள்ளே கேக்கவே வேண்டாம். அதனால விவரமான ஆள் அந்த இடத்தையெல்லாம் அடைச்சு மூடிட்டுத்தான் அடிப்பார், அடிக்கணும். நிறைய பேர் பேரலையும் ஆக்‌ஷனையும் சேர்த்து முடுக்கின பிறகு மொத்தமா அடிப்பாங்க, அப்போ மரைக்குள்ளே போக வழியே இல்லை.

இப்போ யோசிச்சுப் பாருங்க. எங்கெல்லாம் பூசக் கூடாது? சேம்பர், குழல், மரை, போல்ட் முகம், திருகு ஓட்டை. ஒரு ரைஃபிள் எங்கே துரு பிடிச்சா செத்துப் போகும்? சேம்பர், குழல், மரை, போல்ட் முகம், திருகு ஓட்டை! வெளிப்பக்கம் துரு பிடிச்சா எமரித் தாள் வச்சுத் தேய்ச்சுட்டு அடுத்த ஞாயிறும் சுடலாம், குறி ஒரு மயிரிழை மாறாது. உயிர்நாடியைத் திறந்து விட்டுட்டுத் தோலுக்குப் பவுடர் போடற வேலைக்குப் பேரு பாதுகாப்புப் பூச்சா?

"உப்புத் தெளிப்புச் சோதனையில ஆயிரக்கணக்கான மணி நேரம் தாங்குது, நீங்க என்ன பெரிய விஞ்ஞானியா?"ன்னு யாராவது பின்னூட்டத்துல வருவாங்க. வாங்க. அந்தச் சோதனைக்கு ஏஎஸ்டிஎம் பி117னு பேரு. மூடின பெட்டிக்குள்ளே 35 டிகிரியில, நூத்துக்கு அஞ்சு பங்கு உப்புக் கரைசலை மூடுபனி மாதிரி விடாம தெளிப்பாங்க. அதுல பொதுவா என்ன வைப்பாங்க? தட்டையான தகடு. தகட்டுல சேம்பர் கிடையாது, மரை கிடையாது, மூடிட்டு அடிச்ச இடம் கிடையாது. ஒரு பூச்சை இன்னொரு பூச்சோட ஒப்பிட அது உதவும். ஆனா நிஜ வாழ்க்கையில எத்தனை நாள் தாங்கும்னு அதை மட்டும் வச்சுச் சொல்ல முடியாதுன்னு அந்தத் தர ஆவணமே எச்சரிக்குது. விளம்பரத்துல மணிக்கணக்கு மட்டும் பெரிய எழுத்துல வரும்.

இதெல்லாம் வீட்டுல விளையாட்டா சுடறவன் புலம்பல்னு நினைச்சா, சரித்திரத்துக்கு வாங்க. 1960கள்ல அமெரிக்க ராணுவம் எம்16 ரைஃபிளை வியட்நாமுக்கு அனுப்பியது. பார்க்க நவீனம், எடை குறைவு, சுத்தம் செய்யறதே அதிகம் தேவைப்படாதுன்னு ஒரு பேச்சு. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? அதுக்கு முந்தின எம்14 ரைஃபிள்ல குழலுக்குள்ளே குரோம் முலாம் இருந்தது. எதிராளி கையில இருந்த ஏ.கே. வகையிலயும் இருந்தது. எம்16ல இல்லை, சேம்பர்ல கூட இல்லை. கூடவே தோட்டாவுக்குள்ளே போடற மருந்தையும் மாத்தினாங்க. சுத்தம் செய்யற சாமான்கள் போதுமான அளவுக்குப் போகலை. அந்தக் காட்டு ஈரத்துல சேம்பர் துருப்பிடிச்சு, சுட்ட தோட்டாக்கூடு உள்ளேயே சிக்கிக்கிச்சு. சண்டை நடுவுல குழல் முனை வழியா குச்சியை விட்டுக் குத்தி எடுக்க வேண்டிய நிலைமை. நிறைய பசங்க செத்தாங்க. 1967ல இக்கார்ட் என்கிற உறுப்பினர் தலைமையில நாடாளுமன்றத் துணைக்குழு விசாரிச்சு ராணுவத்தைக் கிழிச்சது. அதே வருஷம் சேம்பருக்குக் குரோம் வந்தது. பிற்பாடு குழல் முழுக்க வந்தது. காரணம் குரோம் மட்டும் இல்லை, மருந்து மாத்தினதும் பெரிய காரணம். ஆனா அத்தனை விசாரணையிலும் யாரும் அந்த ரைஃபிளோட வெளிப்பக்கத்துல என்ன கலர் பூசியிருந்ததுன்னு கவலைப்படலை.

அப்போ நம்ம ரைஃபிளுக்கும் உள்ளே குரோம் போடலாமேன்னா, குறி பார்க்கிற பேரலுக்கு அது சரிப்படாது. நல்ல பேரல்காரர் உள்ளே ஈயத்தை வார்த்து, அரைப்புப் பொடி போட்டு, கையால இழைச்சு இழைச்சு அளவை ஒரே சீரா கொண்டுவந்திருப்பார். அதுமேல முலாம் ஏத்தினா ஒரு இடத்துல கூட, ஒரு இடத்துல குறைய நிக்கும். அவர் இழைச்சதெல்லாம் வீண்.

சரி, இன்னொரு பக்கத்துக்காரங்களுக்கு வருவோம். "ஸ்டெயின்லெஸ் வாங்கிட்டா துருவே பிடிக்காது, பூச்சே வேண்டாம்" கோஷ்டி. இவங்களுக்கும் பாதி மார்க்தான். நம்ம வீட்டு எவர்சில்வர் தட்டு வேற, பேரல் ஸ்டெயின்லெஸ் வேற. நல்ல எவர்சில்வர்ல நூத்துக்கு 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல். பேரலுக்குப் போடற 416ஆர் வகையில குரோமியம் 12, 13தான். நிக்கல் பேருக்கு. போதாக்குறைக்கு லேத்துல சுலபமா கடையறதுக்காக கந்தகம் சேர்த்திருப்பாங்க, குழி விழறது அந்தக் கந்தகப் புள்ளியிலதான் ஆரம்பிக்கும். காந்தம் கொண்டு போனா பச்சக்னு ஒட்டும். துரு பிடிக்காதுன்னு இல்லை, மெதுவா பிடிக்கும். வியர்வைக் கையோட தொட்டுட்டு மாசக்கணக்குல விட்டா விரல் ரேகையே துருவா பதிஞ்சிருக்கும். ஆதார் அட்டைக்கு அதையே கொடுக்கலாம். ஆனா முக்கியமான வித்தியாசம் இது: ஸ்டெயின்லெஸோட பாதுகாப்பு இரும்புக்குள்ளேயே இருக்கு. சேம்பர்லயும் இருக்கு, மரையிலயும் இருக்கு, குழலுக்குள்ளேயும் இருக்கு. பூச முடியாத இடம்னு அதுக்கு எதுவும் கிடையாது.

பழைய ஆளுங்க முறை ஒண்ணு இருக்கு, துரு புளூயிங். எனக்கு இதுமேல ஒரு காதல். இரும்பு மேல அமிலக் கரைசலைத் தடவி, ஈரமான பெட்டிக்குள்ளே தொங்கவிட்டு, வேணும்னே துரு பிடிக்க விடுவாங்க. செந்துரு படர்ந்ததும் கொதிக்கிற தண்ணியில முக்குவாங்க. செந்துரு கருந்துருவா மாறும். செந்துரு உப்பி உரிஞ்சு விழற சாதி, அடியில புது இரும்பைக் காட்டிக்கிட்டே போகும். கருந்துரு அப்படி இல்லை, இரும்போட ஒட்டிக்கிட்டு உக்காரும். மேலே மிச்சமிருக்கிற தூளை மெல்லிசுக் கம்பி பிரஷ்ஷால தேய்ச்சு எடுத்துட்டு, மறுபடி அமிலம், மறுபடி ஈரம், மறுபடி கொதி. ஆறு தடவை, எட்டு தடவை, நாள்கணக்கா நடக்கும். ரெட்டைக் குழல் துப்பாக்கிக்கு இன்னைக்கும் இதுதான் கதி. ஏன்னா சீக்கிரம் முடியற சூடான காரத் தொட்டி முறையில போட்டா ரெண்டு குழலையும் சேர்த்து வச்சிருக்கிற ஈயப் பற்று கரைஞ்சுடும். இவ்வளவு பாடுபட்டு வர்ற அந்தக் கருநீலத் தோல் தன்னந்தனியா துருவைப் பெரிசா தடுக்காது. எண்ணெயைக் குடிச்சு வச்சுக்கும், அவ்வளவுதான். ரெண்டாம் உலகப்போர் ரைஃபிள்கள்ல இருக்கிற சாம்பல் நிறப் பார்க்கரைசிங்கும் அதே ரகம், எண்ணெய் பிடிச்சு வைக்கிற பாஸ்பேட் தோல். நம்ம தோசைக்கல் மாதிரி. கல்லு கறுப்பா இருக்கிறதால காப்பாத்தலை, எண்ணெய் போடற ஆள் இருக்கிறதால காப்பாத்துது. ஆனா இந்தத் தோல்கள் பொய் சொல்றதில்லை. தொட்டதுமே எண்ணெய் கேக்கும். நாமளும் போடுவோம்.

எனக்கு இருக்கிற கோபமெல்லாம் பூச்சு மேல இல்லை. 'கவலையே வேண்டாம்' என்கிற அந்தப் பேச்சு மேலதான்.

சரி, திட்டிக்கிட்டே இருந்தா ஆச்சா, என்னதான் செய்யறதுன்னு தம்பி கேப்பார். சொல்றேன். ஆக்‌ஷன் வேற, பேரல் வேற. ரெண்டையும் ஒரே கலர்ல முக்கி எடுக்கிற யோசனையே முதல் தப்பு.

ஆக்‌ஷன் ஆயுசுக்கும் வர்றது. பேரல் மாறிக்கிட்டே இருக்கும், ஆக்‌ஷன் உங்க மகன் கைக்குப் போகும். அதுக்கு நைட்ரைடிங்தான் சரி. உருகின உப்புத் தொட்டியில சுமார் 580 டிகிரியில முக்குவாங்க, நைட்ரஜன் இரும்புக்குள்ளேயே ஊறிடும். மேலே ஒட்டின படலம் இல்லை, அதனால உரியறதுக்கு எதுவும் இல்லை. மரைக்குள்ளேயும் போகும், போல்ட் ஓடற தடத்துக்குள்ளேயும் போகும். மேல்தோல் கல்லு மாதிரி ஆகும், போல்ட் வழுக்கிக்கிட்டு ஓடும். ஸ்டெயின்லெஸும் ஸ்டெயின்லெஸும் உரசினா ஒண்ணோட ஒண்ணு பிச்சுக்கிட்டுச் சிக்குமே, அந்தத் தொல்லையும் குறையும். ஆனா ஒரு எச்சரிக்கை. அந்தச் சூட்டுக்கு முன்னாடியே திட்டமிட்டு இரும்பைப் பதப்படுத்தியிருக்கணும். அதைவிடக் குறைஞ்ச சூட்டுல பதம் போட்ட இரும்பா இருந்தா உள்பக்கம் மெத்துனு ஆகிடும். அதனால ஆக்‌ஷன் செஞ்சவரே நைட்ரைடு போட்டுக் கொடுத்தா வாங்கலாம். கடையில வாங்கிட்டு வந்து நாமா ஒரு பட்டறையைத் தேடிப் போய் முக்கி எடுக்கற வேலை வேண்டாம்.

பேரலுக்கு அதே நைட்ரைடு போடலாமேன்னு கேட்டா, போடாதேன்னுதான் சொல்லுவேன். ஏன்னா பேரல் டயர் மாதிரி தேயற சாமான். 6.5 கிரீட்மூர் சுடும்போது உள்ளே அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு வரைக்கும் போகலாம். கார் டயர்ல முப்பத்திச் சொச்சம்தான்னு ஞாபகம் வச்சுக்குங்க. அந்த அழுத்தத்துல நெருப்புக்காத்து சேம்பருக்கு முன்னாடி இருக்கிற தொண்டைப் பகுதியை ஒவ்வொரு வெடிக்கும் கொஞ்சம் கொஞ்சமா அரிக்கும். ரெண்டாயிரம், மூவாயிரம் தோட்டா போனதும் குறி சிதற ஆரம்பிக்கும். அதுக்குள்ளே ஒருதரம் பின்னாடி கொஞ்சம் வெட்டி, சேம்பரை முன்னாடி நகர்த்திக் கடைஞ்சா இன்னும் கொஞ்சநாள் ஓட்டலாம். நைட்ரைடு போட்ட பேரல்ல மேல்தோல் கடினமாகி சாதாரணக் கடைசல் உளி மழுங்கிப் போகும், கன்ஸ்மித் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பிடுவார். வேட்டைக்குப் போறவர் வருஷத்துக்கு இருபது தோட்டா சுடுவார், அவருக்குப் போட்டா தப்பில்லை. ஞாயிறுதோறும் காகிதம் சுடற நம்மள மாதிரி ஆளுக்கு 416ஆர் ஸ்டெயின்லெஸ், வெறும் உடம்போட, பூச்சே இல்லாம. அதுவும் துகள் பீய்ச்சிச் சொரசொரப்பாக்காம வழவழப்பாகவே விடச் சொல்லணும். சொரசொரப்புல உப்பும் ஈரமும் தங்கும். மேலே மரச்சாமானுக்குப் போடற மெழுகு. தேயப்போற டயருக்கு முன்னூத்தி ஐம்பது டாலருக்கு வண்ணம் அடிப்பாங்களா யாராவது?

தம்பி, உங்க மடல்ல அந்த முன்னூத்தி ஐம்பதுதான் எழுதியிருந்தீங்க. அதை வச்சு அடுத்த பேரலுக்கு முன்பணம் கட்டலாம்.

நியாயமாப் பேசணும்னா, பூச்சு அறவே கூடாதுன்னு நான் சொல்லலை. கடல் படகுல கொண்டு போறவங்க, சதுப்பு நிலத்துல வாத்து வேட்டைக்குப் போறவங்க, உடம்போட ஒட்டி வியர்வையில கைத்துப்பாக்கி வைக்கிற போலீஸ்காரங்க, இவங்களுக்கு வெளிப்பூச்சு நிஜமாவே உதவும். வெயில்ல பளபளக்காம இருக்கறதும் ஒரு உபயோகம்தான். குரோம்-மாலி பேரல் ஏற்கெனவே வாங்கிட்டீங்கன்னா வெளியே அடிச்சுக்குங்க, ஆனா பேரலைத் தனியா கழட்டி அடிக்கச் சொல்லுங்க. எந்த இடத்தையெல்லாம் அடைச்சுட்டு அடிக்கறாங்கன்னு எழுதி வாங்குங்க. அந்தப் பட்டியல்ல இருக்கிற ஒவ்வொரு இடமும் இனிமே உங்க பொறுப்பு. கலர்தான் வேணும்னா ஹார்டுவேர் கடையில ஸ்பிரே டப்பா பத்து டாலருக்குள்ள கிடைக்கும். ராணுவத்துல குறி பார்த்துச் சுடறவங்களே அதைத்தான் அடிச்சுக்கறாங்க. உரிஞ்சா மறுபடி அடிக்கலாம்.

இப்போ என்கிட்ட இருக்கிற ரெண்டாவது ரைஃபிள் 2021ல செஞ்சது. நைட்ரைடு ஆக்‌ஷன், வெறும் ஸ்டெயின்லெஸ் பேரல். சுட்டுட்டு வந்ததும் ஏசி ஓடற வீட்டுக்குள்ளே பெட்டியைத் திறந்து வச்சுடுவேன். அதேமாதிரி ஏசி வீட்டிலிருந்து நேரா வெளியே கொண்டு போனா ஐஸ் தண்ணி டம்ளர் மாதிரி வேர்க்கும். போன உடனே துடைக்கணும். சேம்பருக்கு ஒரு சொட்டு எண்ணெய். மறுபடி சுடறதுக்கு முன்னாடி அதைச் சுத்தமா துடைச்சு எடுத்துடணும், எண்ணெய்ச் சேம்பர்ல சுட்டா போல்ட்டுக்கு அதிக அடி விழும். ஆறு மாசத்துக்கு ஒருதரம் கட்டையைக் கழட்டி அடிப்பக்கம் பார்ப்பேன். ஸ்பாஞ்ச் பெட்டி பயணத்துக்கு மட்டும். மொத்தமா பத்து நிமிஷ வேலை. நாலு வருஷத்துக்கு மேல ஆச்சு, இதுவரைக்கும் ஒரு புள்ளி இல்லை.

பழைய பேரலைத் தூக்கிப் போட மனசு வரலை. பின்பக்கத் தோட்டத்துல தங்கமணி வச்ச தக்காளிச் செடிக்கு முட்டுக் கொடுத்து நட்டு வச்சிருக்கேன். மழை, வெயில், கடல் காத்து எல்லாம் அடிக்குது. மணல் கலர் இன்னும் அப்படியே இருக்கு.

பி.கு: கடை பேர் கேட்டு யாரும் தனிமடல் போட வேண்டாம், சொல்ல மாட்டேன். துரு புளூயிங்கை வீட்டுலயே செஞ்சு பார்த்தவங்க யாராவது இருந்தா கட்டாயம் பின்னூட்டம் போடுங்க. கராஜ்ல ஒரு மூலையை தங்கமணிகிட்ட கேட்டு வச்சிருக்கேன். பதில் இன்னும் வரலை.